வெங்காயத்தாமரையின் ஊதாவும் அதன் மஞ்சள் கண்ணும்

வெங்காயத்தாமரை என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் எரிச்சல்தான். குளத்தை மூடிவிடும், வாய்க்காலை அடைக்கும், கொசுவை வளர்க்கும். ஜேசிபி வைத்து அள்ளினாலும் மறு மழைக்கு மறுபடி வந்து நிற்கும். அமேசான் படுகையில் பிறந்து, பூவின் அழகுக்காகவே உலகம் முழுக்கக் கொண்டுபோகப்பட்ட செடி அது. அந்தப் பூவைத்தான் இப்போது யாரும் பார்ப்பதில்லை. ஒன்றைப் பறித்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஆறு இதழ். ஐந்து இதழ்கள் வெளிறிய ஊதா. மேலே நிமிர்ந்து நிற்கும் ஆறாவது இதழ் கொஞ்சம் அகலம்; அதன் நடுவில் அடர்ந்த நீல ஊதாத் திட்டு, திட்டுக்குள் பளிச்சென்று ஒரு மஞ்சள் பொட்டு. மயில் தோகையின் கண் மாதிரி.

ஊதாப் பூவை ஆயில் பெயின்டில் வரையப்போகிறேன் என்று சொன்னால் பெயின்டிங் தெரிந்தவர்கள் உடனே தரும் யோசனை, "பக்கத்துல மஞ்சள் வை". நிறச் சக்கரத்தில் ஊதாவுக்கு நேர் எதிரே மஞ்சள் இருக்கிறது. எதிர்நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டுமே தூக்கலாகத் தெரியும். யோசனை தப்பில்லை, ஆனால் பாதி யோசனை. எந்த மஞ்சள், எவ்வளவு மஞ்சள், எவ்வளவு வெளிர், எங்கே வைப்பது என்பதையெல்லாம் அது சொல்வதில்லை.

பூ சொல்கிறது. மஞ்சளை அது வெளிர் ஊதாவின் மேல் நேராக வைக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் அடர் நீல ஊதாவால் வேலி போட்டிருக்கிறது. போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். மஞ்சள் பொட்டும் வெளிர் ஊதா இதழும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல். வேலி மட்டும் கறுத்து நின்றது. அதாவது வேலியை எடுத்துவிட்டால் மஞ்சள் இதழோடு கரைந்துபோகும், எதிர்நிறமாக இருந்தும் எடுபடாது. நிறத்தில் எதிராக இருந்தால் மட்டும் போதாது, வெளிரும் அடரும் மாறவேண்டும். இதை வைத்தே படத்தை முழுவதும் கட்டுவது என்று முடிவு செய்துகொண்டேன்.

செடி கோயம்புத்தூர் சிங்காநல்லூர் குளக்கரையிலிருந்து வந்தது. பூத்த தண்டை மட்டும் ஒடித்து வந்தால் பிரயோஜனம் இல்லை. காலையில் விரிகிற பூ நாளொன்று தாண்டினாலே சுருங்கி, தண்டு தலைகுப்புற வளைந்துவிடும். அதனால் வெவ்வேறு பருவத்தில் மொட்டு இருக்கிற செடிகளை வேரோடு தூக்கி வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டேன். ஒன்று வாடும்போது அடுத்தது விரியும். ஒரே பூவை வரைவதாக நினைக்கவே கூடாது; கூட்டத்துக்குள் ஒரு வடிவத்தை முடிவு செய்துகொண்டு, நிறத்தை மட்டும் அன்றன்றைக்குப் பூத்ததிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டும். முடிந்தபின் செடியைத் திரும்பக் குளத்திலோ சாக்கடையிலோ போட்டுவிடாதீர்கள். மொட்டை மாடியில் காயவைத்துப் பிறகு உரக்குழிக்கு.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வரை என்று சொல்லும். அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே போவதால் வடக்கு ஜன்னலில் நாள் முழுக்க மாறாத வெளிச்சம் கிடைக்கும். கோயம்புத்தூர் 11 டிகிரி வடக்கில் இருக்கிறது; ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி தாண்டும் வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் சாய்வாக அடிக்கும். கண்ணாடியில் ட்ரேசிங் பேப்பர் ஒட்டினால் போதும். முக்கியமானது, ஊதாவை ராத்திரி மஞ்சள் பல்பில் கலக்காதீர்கள். பட்டுப்புடவைக் கடையில் கத்தரிப்பூ கலர் எடுக்கிறவர்கள் புடவையை வாசலுக்குத் தூக்கிவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது சும்மா இல்லை. மஞ்சள் விளக்கில் ஊதாவின் நீலம் அடங்கி, நிறம் பழுப்புப் பக்கம் சாய்ந்துவிடும்.

இனி பெயின்ட். ட்யூபிலேயே ஊதா கிடைக்கிறது. டயாக்சசீன் பர்ப்பிள் ட்யூபிலிருந்து வரும்போது கிட்டத்தட்ட கறுப்பு. சாயச் சக்தி அதிகம், கடுகளவு போதும், ஆனால் எதில் கலந்தாலும் தன் குரலையே பேசும். கோபால்ட் வயலட் இதற்கு நேர்மாறு: மென்மையான, அழகான ஊதா, சாயச் சக்தி குறைவு, விலை கண்ணைக் கட்டும். 1859இல் அது புழக்கத்துக்கு வந்த பிறகு மோனே போன்ற பிரெஞ்சு ஓவியர்கள் நிழலுக்கெல்லாம் அதைப் பயன்படுத்தினார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். நானே கலந்தால்தான் இதழுக்கு இதழ் நீலப் பக்கமோ சிவப்புப் பக்கமோ நகர்த்தமுடியும்.

நீலத்துக்கு அல்ட்ரமெரைன், சிவப்புக்குக் குவினாக்ரிடோன் வகை ரோஸ். இந்த ஜோடியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. அல்ட்ரமெரைன் ஏற்கெனவே சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம். ரோஸ் ஏற்கெனவே நீலப் பக்கம் சாய்ந்த சிவப்பு. இரண்டிலும் மஞ்சள் வாடையே கிடையாது, அதனால் சுத்தமான ஊதா வருகிறது. இதே அல்ட்ரமெரைனோடு காட்மியம் ரெட்டைக் கலந்து பாருங்கள், பழுப்பேறிய மங்கல் ஒன்று வரும். காட்மியம் ரெட் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது, அதற்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள் ஊதாவை அடித்துவிடுகிறது. பிரஷ்யன் ப்ளூ, செருலியன் மாதிரி பச்சைப் பக்கம் சாய்ந்த நீலங்களும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் "சிவப்பு கூட்டல் நீலம் ஊதா" என்று படித்துவிட்டு, கலந்தால் சேறு வருகிறதே என்று விழிக்கிறவர்களுக்கு விஷயம் இவ்வளவுதான்.

இவை போக டைட்டானியம் ஒயிட், எல்லோ ஓக்கர் என்கிற மங்கலான மண் மஞ்சள், லெமன் எல்லோ, காட்மியம் எல்லோ. அவ்வளவே. கறுப்பு இல்லை, ட்யூப் பச்சையும் இல்லை.

பேலட்டில், அதாவது பெயின்ட் கலக்கும் தட்டில், மூன்று குவியல் போட்டுக்கொண்டேன். புடவைக்கடைப் பெயர்களே கைக்கு வாகாக இருக்கின்றன. முதலாவது நாவல்பழம்: அல்ட்ரமெரைன் கூடுதல், ரோஸ் குறைவு, வெள்ளை கிடையாது. இரண்டாவது கத்தரிப்பூ: இரண்டும் சமமாகத் தெரிகிற ஊதா, கொஞ்சம் வெள்ளை. மூன்றாவது வாடாமல்லி: ரோஸ் தூக்கல், அதிலும் கொஞ்சம் வெள்ளை. பங்குக் கணக்கு சொன்னால் உங்களுக்கு உதவாது. பெயின்டுக்குப் பெயின்ட் சாயச் சக்தி மாறும். நாவல்பழம் வெறுமனே கறுப்பாகத்தான் தெரியும். கத்தி முனையில் துளி எடுத்து வெள்ளையில் இழுத்துப் பார்த்தால்தான் அது நீலமா சிவப்பா என்ற உண்மை வெளியே வரும்.

வெள்ளையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வெள்ளை சேரச் சேர ஊதா வெளிறுவது மட்டுமில்லை, நீலப் பக்கம் குளிர்ந்து சாக்பீஸ் தூள் படிந்த மாதிரி ஆகிவிடும். அதனால் வெளிர் இதழுக்குக் கலக்கும்போது வெள்ளையோடு கூடவே வாடாமல்லி ஒரு பொட்டு சேர்க்கிறேன். நிறம் உயிரோடு இருக்கும்.

கேன்வாஸில் கைவைக்கும் முன் ஒரு சோதனை. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே. வெளிர் ஊதாக் கலவை ஒன்றையே எடுத்து, தபால் தலை அளவுக்குச் சின்ன அட்டைத் துண்டுகளில் ஒரே மாதிரி பூசிக் காயவைத்தேன். வெவ்வேறு பின்னணி பூசிய பெரிய அட்டைகள் மேல் அவற்றை வைத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, பத்தடி தள்ளி நின்று பார்த்தேன்.

தூய லெமன் எல்லோ மேல் வைத்தது முதலில் அதிரடியாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தால் தெரிகிறது, பார்வை மஞ்சளுக்குத்தான் போகிறது. ஊதா அதில் வெட்டிய ஓட்டை மாதிரி நிற்கிறது. தவிர, லெமன் எல்லோவும் வெளிர் ஊதாவும் ரொம்ப வெளிரானவை. கறுப்பு வெள்ளைப் படத்தில் விளிம்பே காணோம். பச்சைப் பின்னணியில் அதே ஊதா சிவப்பேறி, கிட்டத்தட்ட ரோஜா நிறம் காட்டியது. நீலப் பின்னணியில் செத்துப்போய்ச் சாம்பலானது. நீலம் தன் பங்கு நீலத்தை ஊதாவிலிருந்து கழித்துவிடுகிறது. வெள்ளைப் பின்னணியில் அழுக்குத் துணி மாதிரி. கடைசியாக மங்கலான, மண்ணும் ஆலிவும் கலந்த ஒரு சாம்பல். பேலட்டில் பார்த்தால் யாருக்கும் பிடிக்காத நிறம். அதன் மேல் வைத்ததும் ஊதா உள்ளேயிருந்து விளக்குப் போட்ட மாதிரி எழுந்தது. அதைவிட வேடிக்கை, அந்தச் சாம்பலே ஊதாவின் பக்கத்தில் போனதும் மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. மஞ்சளைக் கண்ணே தயாரித்துக்கொள்கிறது, நாம் பூசவேண்டியதே இல்லை.

இந்தச் சங்கதியை முதலில் முறையாக எழுதிவைத்தவர் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். பாரிஸில் கோபலென் அரச நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824இல் தலைமையேற்றவர். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலம், ஊதாவுக்குப் பக்கத்தில் கறுப்பு வலுவாக நிற்கவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருக்கிற நூலின் நிறம்தான் கறுப்பின் தோற்றத்தை மாற்றுகிறது என்று கண்டுபிடித்து, 1839இல் பெரிய புத்தகமாகவே போட்டார். பிறகு வந்த ஓவியர்கள் பலருக்கு அது கையேடானது. சாயப்பட்டறைப் புகாரிலிருந்து ஓவியர்களின் இலக்கணம் பிறந்தது எனக்குப் பிடித்த விஷயம்.

அந்த மங்கல் சாம்பலைத் தனியாக எதிலும் தேடவேண்டாம். கத்தரிப்பூ குவியலிலிருந்து கொஞ்சம் பிரித்து, அதில் எல்லோ ஓக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஊதா அடங்கி, எந்த நிறமும் இல்லாத ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்தைத் தாண்டி இன்னும் இரண்டு தொடு ஓக்கர், அப்புறம் தேவைக்கு வெள்ளை. அதுதான் பின்னணி. பூவின் ஊதாவே அதற்குள் இருப்பதால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக ஒத்துப்போகும். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலில் இந்த ஒட்டுதல் கிடைக்காது.

போர்டு 10க்கு 12 அங்குலம், ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசியது. அதன் மேல் அக்ரிலிக் எல்லோ ஓக்கரைத் தண்ணீர் விட்டு மெல்லிய பூச்சாகத் தேய்த்தேன். அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். இந்த அடிப்பூச்சை ஆயிலில் போட்டால் காயும்வரை காத்திருக்கவேண்டும். ஈரமாக இருக்கும்போதே மேலே ஊதா வந்தால் மஞ்சள் உருகி மேலேறி ஊதாவைக் கெடுக்கும். அக்ரிலிக் மேல் ஆயில் வரலாம், ஆயில் மேல் அக்ரிலிக் கூடாது, அந்த வரிசையை மட்டும் மறக்கவேண்டாம். இந்த மஞ்சள் அடிப்பூச்சின் லாபம் பின்னால் தெரியும்: தூரிகைத் தடங்களுக்கு நடுவில் ஆங்காங்கே விடுபட்ட புள்ளிகளில் ஓக்கர் எட்டிப்பார்க்கும், பக்கத்து ஊதா அதிரும்.

கோட்டுப்படம் பென்சிலில் வேண்டாம் என்று நினைக்கிறேன், வெளிர் இதழ்களுக்கு அடியில் காரீயக் கோடு தெரிந்து தொலைக்கும். பின்னணிச் சாம்பலையே டர்பன்டைனில் கரைத்து, மெல்லிய ரவுண்ட் பிரஷ்ஷில் கூட்டத்தின் வெளிவடிவத்தை மட்டும் போட்டேன். பூக்கள் ஒவ்வொன்றையும் வரையவில்லை. மொத்தக் கொத்தும் ஒரே உருவம், கூம்பு மாதிரி, இடதுபக்கம் வெளிச்சம்.

முதல் அடுக்கில் பின்னணிதான் முதலில். பூவை முதலில் வரைந்துவிட்டுப் பின்னணியை அதைச் சுற்றி நிரப்புவது பலருக்கும் பழக்கம். எதிர்நிறத்தை நம்பி வரையும்போது அது ஒத்துவராது. மஞ்சள் அடிப்பூச்சின் மேல் வைத்துப் பார்த்து முடிவு செய்த ஊதா, சாம்பல் வந்ததும் வேறு ஊதாவாகிவிடும். பின்னணியை முழுவதும் மூடினேன், ஆனால் ஒரே அடர்த்தியில் இல்லை. வெளிச்சம் படுகிற இடதுபக்க இதழ்களுக்குப் பின்னால் சாம்பலை ஒரு படி அடர்த்தியாக, நிழல் விழுகிற வலதுபக்க இதழ்களுக்குப் பின்னால் ஒரு படி வெளிராக. வெளிர் எதிரே அடர், அடர் எதிரே வெளிர். பூவின் வேலித் தந்திரத்தைப் பெரிதாக்கினால் வருவது இதுதான்.

இலைகளில்தான் கையை அடக்கவேண்டியிருந்தது. வெங்காயத்தாமரை இலை அசலில் பளபளப்பான மஞ்சள் பச்சை. அப்படியே வைத்தால் படம் இலைப்படமாகிவிடும். அல்ட்ரமெரைனில் எல்லோ ஓக்கர் கலந்தால் ஒரு மங்கல் பச்சை வரும். அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வெளிச்சம் பட்ட விளிம்பில் மட்டும் லெமன் எல்லோவைத் தொட்டேன். இலையின் நிழல் பாகத்துக்குக் கறுப்பு வேண்டாம். அந்தப் பச்சையிலேயே நாவல்பழத்தை ஒரு துளி சேர்த்தால் ஆழமான நிழல் வரும். உப்பிய தண்டுகள் மட்டும் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டும் என்று விட்டேன், அவை பூவைவிட்டு விலகிக் கீழே இருக்கின்றன.

இங்கே ஒரு விவரம். ஊதா என்றால் எதிர்நிறம் மஞ்சள் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். நீலம் தூக்கலான ஊதாவுக்கு எதிரே மஞ்சள். சிவப்பு ஏற ஏற அதன் எதிர்நிறம் மஞ்சளிலிருந்து நகர்ந்து மஞ்சள் பச்சைக்குப் போகும். வெங்காயத்தாமரையின் நீலத் திட்டுக்கு நடுவில் மஞ்சள் பொட்டு சரியாகப் பொருந்துவது அதனால்தான். ரோஜாச் சாயல் ஏறிய வெளி இதழ்களுக்கு மஞ்சள் பச்சை இலை பொருந்துவதும் அதனால்தான். வாடாமல்லி நிறப் பூ வரைகிறவர்கள் பின்னணியை இன்னும் கொஞ்சம் பச்சைப் பக்கம் தள்ளவேண்டும்.

அடுத்தது இதழ்கள். ஜன்னல் வெளிச்சம் வானத்திலிருந்து வருகிற குளிர்ந்த வெளிச்சம். அதனால் வெளிச்சம் பட்ட இதழில் நீலப் பக்கம் சாய்ந்த வெளிர் ஊதா, நிழல் இதழில் ரோஸ் கூடிய வெதுவெதுப்பான ஊதா. நிழலை இருட்டாக்கக் கையில் கறுப்பு இல்லாதது இங்கே வசதி. கத்தரிப்பூவில் ஓக்கர் ஒரு துளி போட்டால் நிறம் அடங்கி நிழலாகிவிடுகிறது, ஆனால் சாகவில்லை. பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவுகிற இதழ்கள் வேறு சாதி. மெல்லிய இதழ் என்பதால் ஒளி உள்ளே நுழைந்து வெளியே வரும்போது இளஞ்சிவப்பாகிறது. அங்கே வாடாமல்லியும் வெள்ளையும் மட்டும், ஒரே இழுப்பில், ஃபில்பர்ட் எனும் முனை வளைந்த தட்டைப் பிரஷ்ஷால்.

ஒரே இழுப்பு என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். ஈரத்தின் மேல் ஈரமாக வேலை செய்யும்போது பின்னணிச் சாம்பலில் ஓக்கர் இருக்கிறது. பிரஷ்ஷை இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் தேய்த்தால் அது இதழுக்குள் ஏறி ஊதாவை அணைத்துவிடும். பிரஷ் நிறையப் பெயின்ட் எடு, வை, இழு, தூக்கு, துடை. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவில் பழைய துணியில் துடைப்பு. வேகம் குறைவுதான், ஆனால் நிறம் சுத்தமாக இருக்கும். நிழல்பக்கத்து விளிம்புகளில் மட்டும் வேண்டுமென்றே சாம்பலோடு கலக்கவிட்டேன். அங்கே பூ பின்னணிக்குள் கரைவது நல்லதுதான். எல்லா விளிம்பும் கூர்மையாக இருந்தால் பூ கத்தரித்து ஒட்டினதாகத் தெரியும்.

கண் கடைசி. இதழ்கள் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயும்வரை படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தேன். ஆயில் பெயின்டில் இருக்கும் எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கெட்டியாகிறது. குவினாக்ரிடோன் ரோஸ் அதில் மெதுவானது, அம்பர் மாதிரி மண் நிறங்கள் சீக்கிரம். அதனால் ஊதா பூசின இடங்கள் இலைகளைவிடத் தாமதமாகத்தான் காய்ந்தன.

காய்ந்த பிறகு, முன்னால் நிற்கும் பூக்களில் மட்டும் கண் வைத்தேன். எல்லாவற்றுக்கும் வைக்கவில்லை. நாவல்பழத்தை லின்சீட் ஆயிலில் ஒரு சொட்டு விட்டு இளக்கி, மேல் இதழின் நடுவில் திட்டு. அதன் ஓரங்கள் இதழ் நரம்புகளோடு சேர்ந்து மேல்நோக்கி விரல் விரலாகப் பிரியும். வெறும் வட்டமாகப் போட்டால் பொம்மைக் கண் மாதிரி ஆகிவிடும். திட்டு ஈரமாக இருக்கும்போது மஞ்சள் வைக்கவேண்டாம், ஊதாவில் விழுந்து பழுப்பாகும். அதுவும் காய்ந்த பிறகு, சின்னக் கத்தியின் நுனியில் காட்மியம் எல்லோவும் லெமன் எல்லோவும் கலந்ததை, எண்ணெய் சேர்க்காமல், தடிமனாக எடுத்து வைத்துவிட்டுக் கத்தியை நேராக மேலே தூக்கினேன். பெயின்ட் முனை எழும்பி நிற்கும், அதன் மேல் ஜன்னல் வெளிச்சம் விழும். படம் முழுவதிலும் வேறு நிறம் கலக்காத மஞ்சள் என்பது அந்தப் பொட்டுகளில் மட்டும்தான். உளுந்து அளவுகூட இல்லை. தள்ளி நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான், அங்கிருந்துதான் பார்வை ஊதாவுக்குள் இறங்குகிறது.

போட்டோ எடுத்துப் பகிர்கிறவர்களுக்கு: போன் கேமரா ஊதாவை நீலமாக்கிக் காட்டும் பழக்கம் உடையது. பூவையும் அப்படித்தான், பெயின்டிங்கையும் அப்படித்தான். அந்தக் காரணத்தாலேயே போட்டோவைப் பார்த்து ஊதாப் பூ வரைவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வடிவத்துக்குப் போட்டோ சரி, நிறத்துக்குப் பூதான்.

ஊதா விஷயத்தில் இன்னொரு ஆபத்து, வருஷங்கள் கழித்து வருவது. டச்சு ஓவியர் வான் கோ 1890 மே மாதம் சான் ரெமி மனநல விடுதியைவிட்டுக் கிளம்பும் முன் ஐரிஸ் பூக்களை ஜாடியில் வைத்து வரைந்தார். ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் படத்தில் பின்னணி அப்பட்டமான மஞ்சள். அவர் போட்டது ஊதாவுக்கு எதிரே மஞ்சள். இன்று நாம் பார்ப்பது நீலப் பூக்கள். ஊதாவில் கலந்திருந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளிறிப்போய்விட்டது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கும் இன்னொரு ஐரிஸ் படத்தில் ரோஜா நிறப் பின்னணியே ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. நான் முழு மஞ்சள் பின்னணியை ஒதுக்கினேன், அவர் அதையே வைத்து ஜெயித்தார் என்று யாராவது கேட்கலாம். அவருடைய பூக்கள் அடர்த்தியானவை, சுற்றிலும் கறுத்த கோடு வேறு. வெளிரும் அடரும் அங்கே தானாகவே மாறிவிடுகின்றன. வெளிறிய வெங்காயத்தாமரைக்கு அந்த வசதி இல்லை.

ஆக, சிவப்பு வாங்கும்போது ட்யூபின் முதுகைப் பாருங்கள். பிக்மென்ட் எண், அதாவது நிறப்பொருளின் எண், பிவி 19 அல்லது பிஆர் 122 என்றிருந்தால் குவினாக்ரிடோன், தாங்கும். பிஆர் 83 என்றால் பழைய அலிசரின் கிரிம்சன். வெள்ளையோடு கலந்து மெல்லிசாகப் பூசினால் சீக்கிரம் வெளிறும், வெளிர் ஊதாவுக்கு அது ஆகாது. எண்ணே போடாத ட்யூப் கைக்கு வந்தால் வெள்ளையோடு கலந்து அட்டையில் பூசி, காய்ந்ததும் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படுகிற ஜன்னலில் சில மாதம் வைத்துவிடுங்கள். தாளைப் பிரித்தால் கோடு தெரிகிறதா இல்லையா என்பதே பதில். கோயம்புத்தூர் வெயில் இந்தப் பரிசோதனையைச் சீக்கிரமாகவே முடித்துத் தரும்.

துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடவேண்டாம். லின்சீட் ஆயில் காயும்போது சூடு வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்தால் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போட்டு மூடி வைக்கிறேன்.

படம் காய்ந்ததும் ஃபிரேம் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல எண்ணத்தில் தங்கக்கலர் ஃபிரேமை எடுத்து மூலையில் வைத்துக் காட்டினார். ஊதாவுக்குத் தங்கம் எடுக்கும் என்பது அவர் அனுபவம், பொதுவாகச் சரியும்கூட. ஆனால் தங்கமும் மஞ்சள்தான். ஃபிரேம் மூலையை வைத்த மாத்திரத்தில் பின்னணிச் சாம்பல் தன் மஞ்சளை இழந்து வெறும் சாம்பலானது, உள்ளே இருந்த கண்களும் அடங்கிவிட்டன. ஒவ்வொரு மாதிரியாக வைத்து எடுத்தோம். கறுப்பு வைத்தபோது இதழ்கள் சாக்பீஸாகின, வெள்ளை வைத்தபோது பின்னணி அழுக்காகியது. கடைசியில் பாலிஷ் போடாத தேக்கு நிறத்தில், ஒரு அங்குல அகலத்தில், மங்கலான சட்டம் ஒன்று. அதை வைத்ததும் மஞ்சள் பொட்டுகள் திரும்பி வந்தன. கண்ணாடி போடவில்லை, ஆயிலுக்குக் கண்ணாடி தேவையில்லை. வார்னிஷுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆகட்டும், தடிமனாக வைத்த அந்தப் பொட்டுகள் உள்ளே வரைக்கும் காயவேண்டும். அதுவரை தூசி படிந்தால் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுவதோடு சரி.